கடைக்கு மூன்று வயது: வாசகர் கேள்வி – பதில்

குடும்பக் கடையின் வரலாற்றை எழுத முயலும்போது வரும் சந்தேகங்களைக் கேட்டு எழுதுங்கள் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். யாழ்ப்பாணத்துப் பெரிய கடை, கஸ்தூரியார் வீதி, ஆஸ்பத்திரி வீதி, கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதிக் கடைக்காரரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். ஒரே சந்தேகம் பல கடிதங்களில் வந்திருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் புடவைக்கடைப் பெயர்ப்பலகையில் “1932 முதல்” என்று எழுதியிருக்கிறது. காணி உறுதியோ 1941 ஆம் ஆண்டுக்குரியது. பெரியப்பா 1936 என்று அடித்துச் சொல்கிறார். எதைப் போடுவது? – வாசகி, கொக்குவில்

மூன்றும் சரியாக இருக்கலாம். ஒரு கடைக்கு மூன்று வயது உண்டு: வியாபாரத்தின் வயது, பெயரின் வயது, கட்டடத்தின் வயது. சண்டை வருவதெல்லாம் இந்த மூன்றையும் ஒன்றாக்கப் பார்ப்பதால்தான்.

உறுதி, அதாவது காணிப் பத்திரம், சொல்வது கட்டடத்தின் வயதை, அதுவும் காணி கைமாறிய நாளை மட்டும். வாடகைக் கடையில் பத்து வருஷம் இருந்துவிட்டு அதே இடத்தை வாங்கியவர்கள் நிறையப் பேர். ஆகவே 1941 உறுதியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது அட்டவணையில் உள்ள நாலு எல்லைகள். “கிழக்கு: இன்னாரின் கடையும் காணியும், வடக்கு: வீதி” என்று எழுதியிருக்கும். அந்த வருஷத்தில் பக்கத்துக் கடைக்காரர் யார் என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. வாங்குபவரை “இப்போது குடியிருந்துவரும்” என்று குறித்திருந்தால் உங்கள் அப்பப்பா அதற்கு முன்பே அங்கே வாடகைக்கு இருந்திருக்கிறார். பரப்பளவு “வரகுப் பரப்பு” கணக்கில் இருக்கும்: 18 குழி ஒரு பரப்பு, அதாவது ஏறக்குறைய 10 பேர்ச். நகரக் கடைக்காணிகள் பெரும்பாலும் சில குழிதான், பயப்பட வேண்டாம். உறுதி தொலைந்திருந்தால் அதன் இலக்கம், திகதி, நொத்தாரிசின் (உறுதியை எழுதிய சட்ட அலுவலரின்) பெயர் ஆகியவற்றோடு காணிப் பதிவகத்துக்குப் போங்கள். நொத்தாரிசு ஒரு பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார், இன்னொன்றைத் தன் கோவையில் வைத்திருப்பார். பதிவேட்டுப் பக்கத்தில் முந்திய உறுதிகளும் வரிசையாக இருக்கும். ஒரு பக்கம் நிரம்பியதும் “இன்ன தொகுதி, இன்ன பக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது” என்று குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்பைக் கவனிக்காமல் பாதிச் சங்கிலியோடு திரும்பி வருபவர்கள்தான் அதிகம்.

பெயரின் வயதுக்கு வியாபாரப் பெயர்ப் பதிவு அத்தாட்சிப் பத்திரம். அந்தச் சட்டம் 1918 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். சொந்த முழுப்பெயரிலேயே வியாபாரம் செய்தவர் பதிய வேண்டியதில்லை. எனவே பத்திரம் இல்லை என்பதற்காகக் கடை இருக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. மகனையோ மருமகனையோ சேர்த்து “அன் சன்ஸ்”, “பிறதேர்ஸ்” என்று மாற்றிய அன்றுதான் பதிவு தேவைப்பட்டிருக்கும். பத்திரத்தில் இரண்டு திகதிகள் உண்டு, ஒன்று பதிந்த நாள், மற்றது வியாபாரம் தொடங்கிய நாள். உங்கள் பெயர்ப்பலகையின் 1932 இந்த இரண்டாவது திகதியிலிருந்து வந்திருக்கவும் கூடும். பார்த்துவிடுங்கள்.

பங்குடைமையாக இருந்திருந்தால் இன்னொரு பத்திரத்தையும் தேடலாம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி, மூலதனம் 1000 ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும். யார் எவ்வளவு முதல் போட்டார்கள் என்பது அதில்தான் தெரியும்.

வியாபாரத்தின் வயதுக்கு வாடகைத் துண்டு, கொழும்பு மொத்த வியாபாரியின் பற்றுச்சீட்டு, கணக்குப் புத்தகம், பத்திரிகை விளம்பரம் என்று நாலு வழி. “ஈழகேசரி” 1930 இலிருந்து 1958 வரையும் “ஈழநாடு” 1959 இலிருந்தும் யாழ்ப்பாணக் கடை விளம்பரங்களால் நிறைந்தவை. “இந்து சாதனம்” 1889 வரை போகும். பாடசாலை மலர்களையும் கோயில் கும்பாபிஷேக மலர்களையும் விட்டுவிடாதீர்கள். காசு கொடுத்து விளம்பரம் போட மாட்டேன் என்ற முதலாளியும் கோயில் மலருக்கு இல்லை என்று சொல்லியிருக்க மாட்டார். கொழும்பில் சுவடிகள் திணைக்களத்தில் பெர்குசன் டிரெக்டரி என்ற பழைய விபரக்கொத்து வருஷ வாரியாக இருக்கிறது. 1949 இல் யாழ்ப்பாணம் மாநகர சபையான பிறகு ஆதனவரி இலக்கமும் ஒரு துணை.

ஒன்றும் அகப்படாவிட்டால் “1936 ஆம் ஆண்டளவில்” என்று எழுதுங்கள். நாலு வருஷம் குறைவதால் கடைக்கு வரும் சனம் குறையாது.

அம்மப்பாவின் பேரேடு ஒன்று கிடைத்தது. “தாது ௵ மாசி ௴ ௰௨ ௳ ௸யார் ௶ சீத்தை யார் ௬ ௹ ௨ சதம் ௪௰” என்று ஒரு வரி. இதை எப்படி வாசிப்பது? – வாசகர், மானிப்பாய்

அருமையான வரி. ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி, ௶ பற்று, ௹ ரூபாய். இந்த வரியில் இல்லாத ௷ வரவு. ௰ என்பது பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஆக: தாது வருஷம் மாசி மாதம் 12 ஆம் நாள், மேலே பெயர் உள்ள வாடிக்கையாளர் ஆறு யார் சீத்தைத் துணியை 2 ரூபாய் 40 சதத்துக்குக் கடனாக எடுத்திருக்கிறார். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. 2.40 ஐ 6 ஆல் பிரித்தால் யார் 40 சதம், மிச்சம் வராமல் பிரிகிறது. பிரியாமல் இடித்தால் ஓர் எண்ணைப் பிழையாக வாசித்திருக்கிறீர்கள்.

பிழை எங்கே வரும் என்றால், தமிழ் எண்கள் எழுத்துகளைப் போலவே இருப்பதால் வரும். ௧ க மாதிரி, ௨ உ மாதிரி, ௪ ச, ௫ ரு, ௬ சு, ௭ எ, ௮ அ, ௯ கூ, ௰ ய. பக்கத் தலையில் தனியாக நிற்கும் “உ” பிள்ளையார் சுழி. அதை 2 என்று எடுத்துக் கூட்டுத்தொகையில் சேர்த்தவர்களும் இருக்கிறார்கள். இன்னொன்று, பழைய முறையில் பூச்சியம் இல்லை. ௱௫ என்றால் 105. பிற்காலக் கணக்கப்பிள்ளைமார் 105 ஐ ௧௦௫ என்று பூச்சியம் போட்டு எழுதினார்கள். ஒரே புத்தகத்தில் கை மாறும் இடத்தில் இந்த முறையும் மாறும். அங்கே ஒரு குறிப்பு எழுதிவையுங்கள், புதுக் கணக்கப்பிள்ளை வந்த நாள் அது.

இனித் திகதி. தமிழ் வருஷங்கள் அறுபது சுற்றி மீண்டும் வரும். பிரபவ 1867, 1927, 1987 ஆகியவற்றில் தொடங்கியது. தாது அதிலிருந்து பத்தாவது, ஆகவே 1876, 1936, 1996. சதக் கணக்கு 1872 இல்தான் இலங்கைக்கு வந்தது என்றாலும் அது 1876 ஐத் தள்ளிவிடாது. உங்கள் பேரேட்டில் ரசீது முத்திரை ஒட்டியிருந்தால் அதில் எந்த அரசரின் தலை என்று பாருங்கள். ஆறாம் ஜோர்ஜ் அரசேறியது 1936 டிசம்பர். ஐந்தாம் ஜோர்ஜ் தலையுள்ள பழைய முத்திரைகள் கையிருப்பில் இருந்து பிறகும் ஒட்டப்பட்டிருக்கும், அதற்கு ஓரிரு வருஷம் விட்டுக்கொடுங்கள்.

தாது 1936 என்றதும் “1936 பெப்ரவரி” என்று எழுதிவிடக் கூடாது. தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும் (மார்கழியின் பின்பாதியும் அப்படித்தான்). ஆகவே உங்கள் வரி 1937 பெப்ரவரி 23 அல்லது 24. ஒரு நாள் வித்தியாசம் வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்பதைப் பொறுத்தது. கோயிலுக்கு எந்தப் பஞ்சாங்கமோ கடைக்கும் பெரும்பாலும் அதுதான்.

பற்று, வரவு எந்தப் பக்கம் என்பதில் ஏமாறாதீர்கள். பழைய பேரேடுகளில் பெரும்பாலும் வரவு இடப்பக்கம், பற்று வலப்பக்கம். ஆங்கில முறை படித்த கணக்கர் எழுதியது இதற்கு நேர் எதிர். பக்கத்தைப் பார்க்காமல் குறியைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்த பற்றுச்சீட்டுகள் இடையில் இருந்தால் அவை ரூபாய், அணா, பை. 12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய், 1957 ஏப்ரல் வரை. அவற்றைச் சதமென்று நினைத்துக் கூட்டினால் லாபமே நட்டமாகிவிடும்.

இறாத்தல், அந்தர், யார், கொத்து எல்லாவற்றையும் மெற்றிக்குக்கு மாற்றி எழுதலாமா? – வாசகி, சுண்டிக்குளி

மூலத்தை மாற்றாதீர்கள். பக்கத்தில் எழுதுங்கள். ஒரு இறாத்தல் 454 கிராம், ஒரு அந்தர் 112 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 50.8 கிலோ. ஒரு யார் 91.44 சென்ரிமீற்றர். நாலு சுண்டு ஒரு கொத்து, 32 கொத்து ஒரு புசல். கொத்து என்பது கொள்ளளவு, நிறையல்ல. அரிசிக்கும் உழுந்துக்கும் ஒரே கிலோ போட முடியாது. “ஒரு கொத்து = இத்தனை கிலோ” என்று அட்டவணை போட்டுக் கொடுப்பவரை நம்பாதீர்கள்.

எங்கள் பெயர்ப்பலகையில் “டிப்பார்ட்மென்ற் ஸ்ரோர்ஸ்” என்று இருக்கிறது. உண்மையில் அப்படியொன்று யாழ்ப்பாணத்தில் இருந்ததா? – வாசகர், நல்லூர்

பாரிஸில் அரிஸ்தீத் பூசிக்கோ 1852 இல் பங்காளியாகச் சேர்ந்து பெருக்கிய “பொன் மார்ஷே” தான் இந்த வகைக் கடைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் முன்னோடி. பேரம் இல்லாத எழுதிய விலை, வாங்காவிட்டாலும் உள்ளே சுற்றிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், பிரிவுக்குப் பிரிவு தனிக் கணக்கு. கொழும்புக் கோட்டையில் 1844 இல் வில்லியம் மில்ன் தொடங்கிய வியாபாரம் கார்கில்ஸ் ஆகி, யோர்க் வீதிச் செங்கட்டடத்தில் 1906 இலிருந்து அந்த முறையில் நடந்தது. அந்தப் பெயரோடு ஒரு வணிக வளாகம் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 2013 இல்தான்.

பெயர்ப்பலகையை விட்டுக் கணக்கைப் பாருங்கள். புடவை, பாத்திரம், சாய்ப்புச்சாமான், காலணி ஒவ்வொன்றுக்கும் தனிப் பேரேடும் தனி இருப்புப் பட்டியலும் இருந்து, காசு மட்டும் ஒரே லாச்சிக்குப் (காசு மேசை இழுப்பறைக்குப்) போயிருந்தால் அது டிப்பார்ட்மென்ற் ஸ்ரோர்ஸ்தான், ஒற்றை மாடியாக இருந்தாலும். எல்லாம் ஒரே பேரேட்டில் என்றால் பெரிய பலசரக்குக் கடை. அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வம்சாவளி எழுதும்போது கடை எப்போதும் ஆண்கள் கையிலேயே போயிருக்கிறது. அம்மம்மாமாரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உண்மையிலேயே அவர்களுக்குப் பங்கில்லையா? – வாசகி, இலண்டன்

பங்கு இருந்தது. பலகையில் இல்லாமல் உறுதியில் இருந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் சொத்து மூன்று வகை: முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (திருமணத்தின் பின் தேடியது). 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட இந்த வழமை 1806 இல் ஆங்கிலேயர் சட்டமாயிற்று. பிறகு 1911 ஆம் ஆண்டுச் சட்டமும் 1947 ஆம் ஆண்டுத் திருத்தமும் அதை மாற்றின. பழைய வழமையில் சீதனம் வாங்கிப் போன மகள் பெற்றோரின் மிகுதிச் சொத்தில் பங்கு கேட்பதில்லை. அதனால் வீடும் காணியும் பெண்வழி போயின, கடை மகன்மாருக்கு நின்றது. பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து எழுதினால் பாதிக் குடும்பம் மறைந்துவிடும்.

செய்ய வேண்டியது இது. கடை தொடங்கிய வருஷத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து வருஷத்துக்குள் அந்தக் குடும்பத்தில் நடந்த திருமணங்களைக் குறியுங்கள். ஒவ்வொன்றின் சீதன உறுதியையும் எடுங்கள். அந்தச் சீதனக் காணி அடுத்த ஓரிரு வருஷத்தில் ஈடோ ஒற்றியோ வைக்கப்பட்டிருந்தால் கடையின் முதல் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கத் தேவையில்லை. ஈட்டுறுதியில் தொகையும் வட்டியும் கடன் கொடுத்தவர் பெயரும் இருக்கும். மனைவியின் காணி என்றால் மனைவியின் ஒப்பமும் இருக்கும். அந்த ஒப்பத்தைப் படம் எடுத்து நூலில் போடுங்கள்.

தேடிய தேட்டம் எது என்பது திருமணத் திகதியையும் வாங்கிய திகதியையும் பொறுத்து மாறும். வரலாறு எழுதும் சாக்கில் இன்றைய பங்கை நிறுவப் போகாதீர்கள். அது சட்டத்தரணியின் வேலை, நூல் வெளியீட்டில் செய்கிற வேலையல்ல.

1971 முதல் 1977 வரை இறக்குமதியே இல்லாத காலம். ஆனால் எங்கள் கடைப் பேரேட்டில் விற்பனை ஏறிக்கொண்டே போகிறது. கணக்கில் ஏதும் பிழையா? – வாசகர், சுன்னாகம்

பிழையில்லை. உங்கள் ஊரே அதற்குக் காரணம். மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும் வலிகாமத் தோட்டக்காரரின் விளைச்சலுக்கு முன்பு காணாத விலை கிடைத்தது. அந்தக் காசு நீரிறைக்கும் இயந்திரமாகவும் கல்வீடாகவும் கூறைச் சேலையாகவும் மாறியது. பேரேட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தோட்டக்காரர் பக்கங்களில் ௶ வரிகள் மாதக்கணக்கில் அடுக்கிக்கொண்டு போய், அறுவடை முடிந்த வாரத்தில் ஒரே ௷ வரியில் முழுதும் அடைபடும். சம்பளக்காரர் பக்கங்களில் மாத முதல் வாரத்தில் சிறு சிறு வரவு. இரண்டையும் பிரித்துக் கூட்டிப் பாருங்கள், கடை யாரை நம்பி நின்றது என்பது தெரிந்துவிடும்.

சரக்கு எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. துணி இறக்குமதி அரசின் துணி நிறுவனமான சலுசல மூலம் வந்தது. மீதி உள்ளூர்க் கைத்தறியும் விசைத்தறியும். கொள்முதல் பக்கத்தில் கொழும்புத் தனியார் பெயர்கள் குறைந்து சலுசலவும் நெசவுச் சங்கங்களும் கூடியிருந்தால் உங்கள் புத்தகம் அந்தக் காலத்தை ஒழுங்காகப் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். 1970 இல் 50, 100 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டபோது வங்கியில் போட்ட தொகையையும் தேடுங்கள். லாச்சிக்குள் உண்மையில் எவ்வளவு இருந்தது என்பதை எந்தக் கடைக்காரரும் வெளியில் சொல்லாத காலத்தில், அந்த ஒரு வாரம் சொல்ல வேண்டி வந்தது.

1977 க்குப் பிறகு கதை தலைகீழ். இறக்குமதி திறந்தது, கடையில் சரக்கு குவிந்தது, தோட்டக்காரரின் விலை விழுந்தது. விற்பனைத் தொகை ஏறும், கூடவே அறவிட முடியாத கடனும் ஏறும். விற்பனையை மட்டும் வரைபடமாகப் போட்டால் பொற்காலம் போலத் தெரியும். நிலுவையையும் பக்கத்தில் வரையுங்கள்.

பழைய கணக்குப் புத்தகங்கள் கறையானும் இராமபாணமும் அரித்துக் கிடக்கின்றன. வெயிலில் காயவைக்கலாமா? – வாசகர், திருநெல்வேலி

வேண்டாம். நேர் வெயிலில் தாள் நொறுங்கும், ஊதா மை மங்கும். முதலில் மற்றப் புத்தகங்களிலிருந்து பிரித்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து, மென்மையான வண்ணத் தூரிகையால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். கறையான் மண்ணை ஈரத்துணியால் துடைத்தால் சேறாகித் தாளோடு ஒட்டும். உலர்ந்த நிலையிலேயே சுரண்டி எடுக்க வேண்டும்.

பூச்சி உயிரோடு இருந்தால் பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி நாடாவால் அடைத்து, −18 பாகையில் உறைபெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. பை முழுதும் அறைச் சூட்டுக்கு வர ஒரு நாள் விடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் படிந்து, பூச்சி போன இடத்தில் பூஞ்சணம் வரும். சாதாரண குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு போதாது. அங்கே முட்டைகள் சாகாது. ஒளிப்படங்களையும் கண்ணாடித் தகடுகளையும் இப்படி உறைய வைக்காதீர்கள்.

ஒட்டுநாடா, லமினேற் இரண்டும் கூடவே கூடாது. நாடாவின் பசை சில வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும். கார்பன் பிரதியும் கொப்பிப் பென்சில் எழுத்தும் ஈரம் பட்டால் ஊதாவாய்ப் பரவும். துருப்போல் அரித்து நொறுங்கும் கபில நிற எழுத்து இரும்பு மை. அந்தப் பக்கங்களை அடிக்கடி மடிக்க வேண்டாம். புதுக்காலத் துண்டுகளில் கவனிக்க வேண்டியது வெப்பத்தாள் பில்கள். நாற்பது வருஷப் பேனாப் பில் நிற்கும், நாலு வருஷ இயந்திரப் பில் வெள்ளைத் தாளாகிவிடும். உடனே பிரதி எடுங்கள்.

படம் எடுக்கும்போது அட்டையிலிருந்து தொடங்கி வெற்றுப் பக்கங்களையும் விடாமல் எடுக்க வேண்டும். வெற்றுப் பக்கத்தை விட்டால் பிறகு கிழிந்ததா, எழுதப்படவில்லையா என்று தெரியாது. முதலில் மூலையில் மென்பென்சிலால் பக்க இலக்கம் இடுங்கள். வெளிச்சம் இரண்டு பக்கமும் 45 பாகைச் சரிவில் வரட்டும், கமராவின் மின்னல் வேண்டாம். எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, ஒளிப்படத்துக்கு 600. ஒருவர் புரட்ட ஒருவர் எடுத்தால் 400 பக்கப் பேரேடு ஒரு காலைப்பொழுதில் முடியும். தனியே செய்தால் நடுவில் பக்கம் தவறும். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறது. உங்கள் பிரதியில் ஒன்றை அங்கே கொடுக்கலாம். வாடிக்கையாளர் கடன் விபரம் உள்ள பக்கங்களைக் கொடுக்கும் முன் யோசியுங்கள். அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

1981 முதல் 2009 வரை எங்களிடம் ஒரு துண்டுமில்லை. இடைவெளியை எப்படி நிரப்புவது? – வாசகர், வவுனியா

நிரப்பாதீர்கள், அளந்து எழுதுங்கள். எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை இல்லை, ஏன் இல்லை என்று எழுதுவதும் வரலாறுதான். 1981 மே 31 இரவும் அடுத்த நாட்களும் பொது நூலகம், “ஈழநாடு” அலுவலகம், பூபாலசிங்கம் புத்தகசாலை, நகரின் கடைகள் எரிந்தன. 1987 ஒக்டோபரில் நகரம் போர்க்களமாயிற்று. 1990 இல் ரயிலும், யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதையும் நின்றன. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் இடம்பெயர்ந்தது. 2002 இல் பாதை திறந்து 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. இந்தத் திகதிகளை ஒரு நீளத் தாளில் மேலே எழுதி, உங்கள் கடையில் அந்தந்த நேரத்தில் இருந்த ஆட்களைக் கீழே எழுதுங்கள். துண்டு எங்கே இருக்கலாம் என்பது அப்போது தெளியும்.

கடையில் இல்லாத துண்டு வேறு இடங்களில் இருக்கும். எரிந்த கடைக்கு நட்டஈடு கேட்டிருந்தால் அப்போதைய புனர்வாழ்வு அதிகாரசபைக் கோப்பில் இருப்புப் பட்டியல் இருக்கும். அது இழப்பைக் கூட்டிக் காட்டியிருக்கலாம், ஆனால் எந்தெந்தப் பிரிவு இருந்தது என்பதில் பொய் சொல்லக் காரணமில்லை. கிராம அலுவலரின் உறுதிக்கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, வங்கிக் கடன் கோப்பு, கொழும்பு மொத்த வியாபாரியின் பேரேட்டில் உங்கள் கடைப் பக்கம். இந்தக் கடைசியைத்தான் ஒருவரும் தேடுவதில்லை. உங்கள் புத்தகம் எரிந்தாலும் உங்களுக்குக் கடன் கொடுத்தவரின் புத்தகம் எரியவில்லை.

பொருளாதாரத் தடைக்காலத்தில் சரக்கு வந்த வழியையும் எழுதுங்கள். பற்றரி, சீமெந்து, உரம், எரிபொருள் எல்லாம் தடை அல்லது அளவு. கிளாலிக் கடலால் வந்தது ஒரு காலம், 1996 க்குப் பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் வந்தது இன்னொரு காலம். இரண்டிலும் கூலி, சேதம், காத்திருந்த நாள் வேறு. வெறும் ஜாம் போத்தலுக்குக்கூட விலை இருந்த நாட்கள் அவை. பஞ்சைத் திரியாக்கிச் சொட்டு மண்ணெண்ணெயில் எரியும் விளக்குக்கு அதுதான் வேண்டும். உங்கள் கடை அந்தக் காலத்தில் எதை விற்றது என்று கேட்டால் “ஒன்றுமில்லை” என்றுதான் முதலில் சொல்வார்கள். திரி, நூல், ஊசி, கொப்பி, செருப்புவார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

கடையில் ஐம்பது வருஷம் வேலை செய்த ஐயா ஒருவர் இருக்கிறார். வருஷம் ஒன்றும் நினைவில்லை என்கிறார். – வாசகி, சாவகச்சேரி

வருஷத்தைக் கேட்காதீர்கள். யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்குமுன்பா பின்பா (1956), பொது நூலகம் திறந்த பிறகா (1959), தமிழாராய்ச்சி மாநாட்டு நேரமா (1974) என்று கேளுங்கள். போயா (சந்திரனைப் பொறுத்து வரும் பௌத்தப் புனித நாள்) விடுமுறை நல்ல அளவுகோல். 1966 தொடக்கம் 1971 வரை ஞாயிறு விடுமுறை இல்லாமல் போயாவே வாரவிடுமுறையாக இருந்தது. “ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்தோம்” என்று அவர் சொன்னால் அந்த ஐந்து வருஷத்துக்குள் வந்துவிட்டீர்கள். பேரேட்டில் திகதி கிழிந்த பக்கங்களுக்கும் இதே சோதனை செல்லும்: எழுத்தில்லாத நாட்கள் ஏழுக்கு ஒருமுறையா, சந்திரனைப் பார்த்து நகர்கின்றனவா?

ஒரு தாளில் கடையின் தரைப்படத்தைக் கீறி அவர் முன் வையுங்கள். வாசல், லாச்சி, கணக்கப்பிள்ளையின் மேசை, றாக்கைகள். “இந்த றாக்கையின் மேல்தட்டில் என்ன?” என்று கேட்டால் கை தானாக நீளும். அரைமணிக்கு மேல் இருத்தக் கூடாது.

சுவரில் இருந்த குழுப்படத்தில் பதினான்கு பேர். நாலு பேரைத்தான் தெரியும். எந்த வருஷம் என்றும் தெரியாது. – வாசகர், உரும்பிராய்

படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், மேற்படலம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். பிறகு பெரிதாக்கிப் பின்னணியைப் பாருங்கள். பெயர்ப்பலகையில் தொலைபேசி இலக்கம் எத்தனை தானம் (எத்தனை எண் கொண்டது)? தானம் கூடக் கூடக் காலம் பிந்தியது. “இலங்கை” என்பதற்கு ஆங்கிலத்தில் சிலோன் என்று இருந்தால் பலகை 1972 மேக்கு முன் எழுதப்பட்டது, படம் அதற்குப் பிறகும் எடுக்கப்பட்டிருக்கலாம். வாசலில் நிற்கும் கார் உருண்டை வடிவ மொறிஸ் மைனர் என்றால் 1948 க்குப் பின். இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருந்தால் 1950 களின் பின்பகுதியும் அதற்கு அப்பாலும்.

தெரியாத பத்துப் பேரில் பெரும்பாலோர் சிப்பந்திகளாக இருப்பார்கள். முதலாளியின் உறவினரிடம் கேட்டு ஒன்றும் வராது. சம்பளப் புத்தகத்தில் அந்த வருஷங்களுக்குரிய பெயர்ப்பட்டியலை எடுத்து, அதிலுள்ள ஊர்களுக்குப் பிரதியை அனுப்புங்கள். பெயர் வர வர, பிரதியின் பின்பக்க ஓரத்தில், முகங்களுக்கு நேர் பின்னால் வராத இடத்தில், இடமிருந்து வலமாக வரிசை குறித்து 4பி பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா எதுவும் வேண்டாம். அதன் மை பத்து வருஷத்தில் முன்பக்கத்துக்கு வந்துவிடும்.